முள்ளில்லாத மேய்ச்சல்

சீமைக்கருவேலம் பரவிப் பரவிப் புல்லையெல்லாம் அழித்துவிட்டதால், ஒரு வெள்ளாடு ஓடையைத் தாண்டிப் போய் முள்ளே இல்லாத மேய்ச்சலைக் கண்டுபிடித்தது. மூன்று மாதம் தினமும் அங்கே போய் நிம்மதியாக மேய்ந்துவிட்டுத் திரும்பியது. ஒருநாள் புல்லுக்கு நடுவே விரல் உயரத்தில் ஒரு கன்று நின்றது. இலையைப் பார்த்ததுமே அது சீமைக்கருவேலம் என்று ஆட்டுக்குத் தெரிந்துவிட்டது.

மிதிக்கக் காலைத் தூக்கியபடி, "இங்கேயும் வந்துட்டியா? யாரு உன்னைக் கூட்டிட்டு வந்தது?" என்றது.

"நீதாம்மா. எங்க மரத்து நெத்தை விதையோட தின்னுட்டு, என்னை வயித்துல சுமந்து வந்து, புழுக்கையோட இங்க போட்டியே," என்றது கன்று.

ஆடு தூக்கிய காலை மெதுவாகத் தள்ளி வைத்தது.

சாயங்காலம் திரும்பும் வழியில், சீமைக்கருவேல மரத்தடியில் நெற்று வழக்கம்போலப் பழுத்துக் கிடந்தது. ஆடு முகத்தைத் திருப்பிக்கொண்டு பத்தடி நடந்தது. பிறகு, இன்றைக்கு மட்டும் ஒன்றே ஒன்று என்று திரும்பி வந்தது.