காத்து சார் நடந்து வரும் வழி

அன்று காலை அப்படி ஒரு மழை. அலுவலகத்தின் மூன்றாவது மாடிக்கு வந்து சேர்ந்த ஒவ்வொருவரும் குடையை உதறிக்கொண்டும், பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டும் வந்தார்கள். காத்து சார் மட்டும் தன் இடத்தில் உட்கார்ந்து, கணினித் திரையைப் பார்த்தபடி நிதானமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார். அவர் ஷூவில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

“இவரைப் பாருங்க. கார் இல்ல, பைக் இல்ல. மழைக்கு முன்னாடியே நடந்து வந்து உக்காந்துட்டார்” என்றார் பசுமை மேடம், எல்லோர் காதிலும் விழும்படி.

அது காற்றாலைகள் நடத்தும் நிறுவனம். நாளைக்குக் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் வீசும் என்று கணித்துச் சொல்வது அவர் வேலை. அதனால் காத்து சார். நிறுவனத்தின் சுற்றுச்சூழல் இலக்குகளைக் கட்டி மேய்ப்பது மேடத்தின் வேலை. அதனால் பசுமை மேடம்.

அந்த வருடம் மேடத்தின் தலைக்கு மேல் கத்தி தொங்கியது. ஊருக்கெல்லாம் சுத்தமான மின்சாரம் விற்கிறீர்கள், உங்கள் ஆட்கள் மட்டும் புகை விட்டுக்கொண்டு வேலைக்கு வருகிறார்களே என்று முதலீட்டாளர் ஒருவர் நிறைந்த கூட்டத்தில் கேட்டுவிட்டார். முதலாளிக்கு முகத்தில் ஈயாடவில்லை.

வருடம் முடிவதற்குள் ஊழியர்களின் வண்டிப் புகை பாதியாக வேண்டும், அலுவலகத்தின் மின்செலவும் இறங்க வேண்டும், இல்லையென்றால் அந்த நாற்காலிக்கு வேறு ஆள் பார்ப்பேன் என்று முதலாளி மேடத்திடம் சிரித்துக்கொண்டே சொன்னார். மேடம் அன்றே ஒவ்வொரு மேஜையாகப் போக ஆரம்பித்தார்.

கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். யாரும் வண்டியை விடுவதாக இல்லை. கணக்குப் பிரிவுக்காரருக்கு முழங்கால் வலி. வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு பஸ்ஸில் வந்தால் தலை கலைந்துவிடுகிறது. ஆளுக்கொரு சாக்கு.

அப்போதுதான் காத்து சார் கண்ணில் பட்டார். முன்பெல்லாம் காரில் வந்தவர்தான். கொஞ்ச நாளாக அந்தக் காரைக் காணோம். எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுகிறார், எல்லோரும் போன பிறகும் இருக்கிறார். இப்போது எதில் வருகிறீர்கள் என்று மேடம் விசாரித்தபோது, வண்டியெல்லாம் விட்டாச்சு என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அடக்கம் மேடத்துக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மறுநாளே லிஃப்ட்டுக்குள் காத்து சாரின் படம் தொங்கியது. அதைப் பார்த்துப் பார்த்தே மற்றவர்களுக்கு ரோஷம் வந்தது. முழங்கால் வலிக்காரர் நடக்க ஆரம்பித்தார், வலி போன இடம் தெரியவில்லை. வரவேற்புப் பெண் தலையை இறுக்கிப் பின்னிக்கொண்டு பஸ் ஏறினாள். வண்டிப் புகை மளமளவென்று இறங்கியது.

இறங்காமல் அடம்பிடித்தது ஒன்றே ஒன்று. மூன்றாவது மாடியின் மின்செலவு. ஆளில்லாத நேரத்தில்கூட அங்கே மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் திட்டு வாங்கினார். எலக்ட்ரீஷியன் வந்து எல்லா ஒயரையும் பிரித்துப் பார்த்துவிட்டு, லைனில் ஒரு குறையும் இல்லை என்று கையை விரித்தார். கடைசியாகக் கிளம்புவது நீங்கள்தானே, சுவிட்சையெல்லாம் ஒருதரம் பார்த்துவிட்டுப் போங்கள் என்று மேடம் காத்து சாரையே கேட்டுக்கொண்டார். நான் பார்த்துக்கிறேன் என்று அவரும் வாக்குக் கொடுத்தார்.

இப்படிப்பட்ட மனிதரின் மனைவியையும் பாராட்ட வேண்டும் என்று மேடத்துக்குத் தோன்றியது. போன் போட்டு, உங்கள் வீட்டுக்காரர் தினமும் நடக்கிறாரே, எங்களுக்கெல்லாம் அவர்தான் வழிகாட்டி என்று உருகினார்.

“நடக்கட்டும். நல்லா நடக்கட்டும்” என்றுவிட்டு அந்த அம்மாள் போனை வைத்துவிட்டார்.

எவ்வளவு ஒத்துழைப்பான மனைவி என்று மேடத்துக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. அடுத்த வாரம் அதே முதலீட்டாளர் மறுபடியும் வருகிறார். அவரையும் அழைத்துக்கொண்டு, காத்து சார் வீட்டிலிருந்து அலுவலகம்வரை எல்லோரும் ஊர்வலமாக நடப்பது என்று முடிவாயிற்று. வீடியோ எடுக்க ஆள் பேசியாயிற்று. பேனர் அடித்தாயிற்று. மேடத்துக்குப் பதவி உயர்வுகூட உண்டு என்று முதலாளி ஜாடையாகச் சொல்லியிருந்தார்.

செய்தியைக் கேட்டதும் காத்து சாருக்குக் காபி புரையேறியது. வீடு ரொம்ப தூரம் என்றார். அவ்வளவு தூரமா நடந்து வருகிறீர்கள் என்று மேடம் கண்ணை விரிக்கவும், அப்படியொன்றும் தூரமில்லை, சந்துதான் குறுகல் என்றார். பிறகு, தெருவில் நாய்கள் அதிகம் என்றார். மேடத்துக்கு எல்லாமே அடக்கமாகத்தான் தெரிந்தது.

“முதலாளியே நடக்கப் போறார், நீங்க கூச்சப்படலாமா? எங்க வந்து நிக்கணும், அத மட்டும் சொல்லுங்க சார்.”

காத்து சார் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கழுத்து வேர்த்திருந்தது. மேடத்தின் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“எங்கயும் வர வேண்டாம் மேடம், என் பொண்டாட்டி கதவத் திறக்கிற வரைக்கும் நான் குடியிருக்கிறதே இந்த மூணாவது மாடியிலதான்.”