கதவைத் தள்ளாதீங்க

"கதவைத் திறக்கறியா, இல்ல கழட்டட்டுமா?"

மாடி அறைக்கு வெளியே அவர் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றார். லிஃப்ட் மெக்கானிக். திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்த கதவு எதுவும் இதுவரை அவரிடம் ஜெயித்ததில்லை.

உள்ளே இருப்பது மகள். பதினாறு வயது. நேற்று சாயங்காலம் தாழ்ப்பாள் போட்டவள். வாசலில் வைத்த தட்டை, ஆள் இல்லாத நேரம் பார்த்து எடுத்துக்கொண்டாள். மற்றபடி எதற்கும் ஒரே பதில்தான்: "ஒண்ணுமில்லை. விடுங்க."

மனைவி அவர் கையைப் பிடித்தாள். "இப்படிப் பண்ணாதீங்க. ஸ்கூல்ல டீச்சர் சொன்னாங்கல்ல? மனசுக்குப் பாக்கற டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாம்."

"மனசுக்கு டாக்டரா! கை ஒடைஞ்சிருக்கா, கால் ஒடைஞ்சிருக்கா? தனி ரூம், தனி ஃபோன். நாங்க ஒரே ரூம்ல ஆறு பேர் படுத்தோம். எவனுக்கு என்ன வந்துச்சு? எங்க காலத்துல மனசுன்னு ஒண்ணு இருந்துதா?"

"இருந்திருக்கும்."

"எனக்கு இல்ல."

"இந்த வயசுல நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

சண்டைக்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இத்தனை வருஷத்தில் இதைக் கேட்கத் தோன்றவே இல்லையே என்பது அவளுக்கே வியப்பாக இருந்தது.

"நானா? வீட்டை விட்டு ஓடிப்போனேன்."

"என்னது!"

"ஆமா. பஸ் ஸ்டாண்டுல போய்ப் படுத்துக்கிட்டேன். எங்க சித்தப்பாதான் தேடிப் பிடிச்சு இழுத்துட்டு வந்தார்."

"அதுக்கு அப்போ என்ன பேரு வச்சாங்க?"

"திமிரு."

"மருந்து?"

"பெல்ட்டு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

"ஏன் போனேன்னு யாரும் கேக்கலையா?"

"எதுக்குக் கேக்கணும்? அதான் வந்துட்டேன்ல?"

அறைக்குள் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

அவர் கதவுக் கீலில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தார். செல்ஃபோன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை; இந்தப் பகுதிக்கு இன்று அவசர டியூட்டி அவர்தான்.

"அண்ணே, ஒரு பொண்ணு மாட்டிக்கிட்டிருக்கு," என்றாள் கம்பெனி ஆபரேட்டர். "'உள்ளே மாட்டிக்கிட்டேன்'னு சொல்லுது. எந்தக் கட்டடம்னு கேட்டா பேச்சே வரலை. லைன் தர்றேன். நீங்க பேசினாத்தான் அடங்கும்."

தடதடவென்று படியிறங்கினார். வாசலில் ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். குரலே மாறிவிட்டது. சற்று முன் கத்தியவரா இவர் என்று மனைவி மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, கேக்குதாம்மா? மெக்கானிக் பேசறேன். பயப்படாதீங்க."

மறுமுனையில் மூச்சு மட்டும்.

"பேச முடியலைன்னா பேச வேணாம். கீழ உக்காந்துக்கோங்க. மூச்சு முட்டற மாதிரி இருக்கும். ஆனா முட்டாது, காத்து வர வழி இருக்கு. கதவைத் தள்ளாதீங்க. வெளியிலேருந்து யாராவது தள்ளினாலும் வேணாம்னு சொல்லுங்க. முரட்டுத்தனம் பண்ணினா காரியம் கெட்டுடும்."

"ம்."

"உங்க தப்பு எதுவும் இல்லம்மா. பெரிய பெரிய ஆளுங்களே மாட்டிக்கிட்டு அழுதிருக்காங்க. நான் பாத்திருக்கேன்."

"அழுதா திட்டுவீங்களா?" தொண்டை கட்டிய, கிசுகிசுத்த குரல்.

"சேச்சே! தாராளமா அழுங்க. யாரு திட்டப் போறா? நான் வெளியிலதான் இருக்கேன், எங்கேயும் போக மாட்டேன். எவ்வளவு நேரமா உள்ளே இருக்கீங்க?"

"போன வருஷத்துலேருந்து."

ஷூ லேஸில் அவர் விரல்கள் நின்றன.

கம்பெனியின் அவசர எண் அவருடைய யூனிஃபார்ம் சட்டையின் முதுகில் பெரிதாக அச்சடித்திருக்கும். அந்தச் சட்டையைத் தினமும் கொடியில் உலர்த்துகிறவள் மகள்தான்.

"எந்த... எந்தக் கட்டடம்மா?"

"நம்ம வீடுதான்ப்பா."

ஒரு காலில் மட்டும் ஷூவோடு அவர் மெல்லப் படியேறினார். ஸ்க்ரூ டிரைவரை மனைவியிடம் கொடுத்தார். கதவுக்கு முன்னால், வெறும் தரையில் உட்கார்ந்தார். ஃபோன் காதிலேயே இருந்தது.

"நாளைக்கு அந்த டாக்டரைப் போய்ப் பாக்கலாம் பாப்பா. நானும் வர்றேன்."

"நிஜமாவா?"

"நிஜமா."

"திமிருன்னு சொல்ல மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"அப்பா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"நீங்க ஏன் ஓடிப்போனீங்க?"

அவர் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடுவதுபோல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு மட்டும் ஏறி இறங்கியது.

கதவுக்கு அந்தப் பக்கம், அவருக்கு நேர் எதிரே, யாரோ தரையில் உட்காரும் அரவம்.

"பேச முடியலைன்னா பேச வேணாம்ப்பா," என்றாள் மகள். "பயப்படாதீங்க. நான் வெளியிலதான் இருக்கேன்."