ஓடட்டும் டிராக்டர்

தாத்தா காலத்து டிராக்டருக்குத் தீப்பொறி விடும் புது இக்னிஷன் மாட்டி முடித்த மெக்கானிக், ஏதோ சொல்ல வாயெடுத்தார். "எனக்கே பாடம் எடுக்கறியா? கிளம்புப்பா!" என்று அனுப்பிவிட்டு, முன்னாலிருந்த ஸ்டார்ட்டிங் கைப்பிடியைச் சுற்றினார் கணவர். ஒரே சுற்றில் எஞ்சின் உறுமியது.

"அணைச்சிட்டுச் சாப்பிட வாங்க!" என்றாள் மனைவி.

"ஓடட்டும்டி, புதுசு பழகணும்ல!"

மதியம் எதிர்வீட்டு டீச்சர் காதைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"ஓடட்டும் டீச்சர், எப்பேர்ப்பட்ட வண்டி!"

சாயங்காலம் மனைவிக்குத் தலைவலியே வந்துவிட்டது. கரண்டியும் கையுமாகக் கொட்டகைக்குப் போனாள். கணவர் சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, போனில் மெக்கானிக்கிடம் ரகசியம் பேசிக்கொண்டிருந்தார். எஞ்சின் சத்தத்தை மீறிக் கத்தியதில், அந்த ரகசியம் தெருக்கோடி வரை கேட்டது.

"தம்பி, இதை எப்படிப்பா நிறுத்தறது? இத்தனை வருஷமா அதுவாத்தானே நின்னு தொலைச்சுது!"