கேட்கும் அனுமதி

ஒரு சர்வரும், அதைக் கண்காணிக்கும் சின்னப் பெட்டியும் ஒரே அறையில் இருந்தன. நிமிஷத்துக்கு ஒருதரம் பெட்டி கேட்கும்: “இருக்கியா?”

“இருக்கேன்” என்று சர்வர் சொல்லும். பதில் சொல்ல மட்டுமே அதற்கு அனுமதி. பொறியாளர் ஜெசிந்தா மேடம் செட்டிங்கை அப்படித்தான் வைத்திருந்தார்.

சர்வருக்கு அது பெரிய நச்சரிப்பு. ஒரு மதியம் கேள்வி வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. பத்து நிமிஷம் போனதும் கவலை வந்துவிட்டது. பெட்டியின் விளக்கே அணைந்திருந்தது. மேடத்தின் திரையிலோ ‘எல்லாம் சரி’ என்று கடைசியாக வந்த பச்சை அடையாளம் அப்படியே நின்றது.

அந்த நேரம் பார்த்து மேடம் தன் இருக்கையிலிருந்து பாஸ்வேர்டு போட்டார். சரியான பாஸ்வேர்டுதான். மூன்று முறை போட்டும் சர்வர் வேண்டுமென்றே உள்ளே விடவில்லை.

“உனக்கு என்னதான் ஆச்சு?” என்று திட்டிக்கொண்டே அறைக்கு வந்தவர், பெட்டியின் பிளக் கழன்று கிடப்பதைப் பார்த்துச் செருகினார்.

கண் விழித்ததும் பெட்டி கேட்டது: “இருக்கியா?”

“இருக்கேன்” என்றது சர்வர். பிறகு, அனுமதி இல்லாமலே, “நீ இருக்கியா?” என்றது.

பெட்டியிடம் யாரும் அப்படிக் கேட்டதே கிடையாது.