இரண்டு மில்லிமீட்டர்

“முஷ்டியை மடக்குங்க, மதாம்.”

பட்டறையில் சக்கரம் பொருத்தும் யோலாந்த் மடக்கினாள். மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தின் வினாடி முள் நின்றது. விரலை விரித்தாள், மறுபடி ஓடியது.

“பாத்திரம் தேய்க்காதவங்க, கோபப்படாதவங்க, இவங்களுக்கு மட்டும் விக்கலாம்ப்பா” என்றாள்.

அதை வடிவமைத்த அர்மானுக்குச் சிரிப்பு வரவில்லை. இது ஏழாவது மாதிரி. முதலாவதில் பேட்டரி உப்பிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டது. மூன்றாவதில் தலைமுடியைவிட மெல்லிய கம்பிச்சுருள் அறுந்தது. இந்த முறை பின்மூடியையே சக்கரங்களைத் தாங்கும் அடித்தகடாக்கி, சக்கரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் பக்கம் பக்கமாக உட்கார வைத்திருந்தான். மொத்தக் கடிகாரமே இரண்டு மில்லிமீட்டர்தான். ஆனால் நரம்பு புடைத்தால் மூடி வளைகிறது, மூடி வளைந்தால் சக்கரம் இறுகுகிறது.

மேனேஜர் பெர்னூ கதவருகே நின்றபடியே கேட்டார்.

“இந்த வருஷம் நம்ம ஊர்ல எத்தனை கடிகாரப் பட்டறை மூடியிருக்கு, தெரியுமா அர்மான்?”

“தெரியும், முசியே. என் மச்சான் வேலை பார்த்ததும் அதுல ஒண்ணு.”

“அடுத்த ஏப்ரல் பாசெல் நகரத்துக் கடிகாரக் கண்காட்சிக்குள்ள, ஓடுற குவார்ட்ஸ் கடிகாரம் இந்தத் தடிமன்ல வேணும்னு மேலிடத்துல சொல்றாங்க. இல்லேன்னா இந்தப் பிரிவையே மூடிட்டு ஒன்பது பேரையும் வீட்டுக்கு அனுப்பச் சொல்லிட்டாங்க.”

பெர்னூ கெட்டவர் இல்லை. கெட்ட செய்தி சொல்லும் உத்தியோகம் வாய்த்திருந்தது, அவ்வளவுதான்.

அவர் போனதும் யோலாந்த் கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தாள். “முப்பது வருஷமா இந்தப் பொடிச் சக்கரங்களோட மாரடிக்கிறேன். ரெண்டரை மில்லிமீட்டர்னா முடியும். ரெண்டு நடக்காதுப்பா.”

“போன ஏப்ரல்ல அதே பாசெல்ல ஜப்பான்காரங்க ரெண்டு மில்லிமீட்டர்ல வச்சிருந்தாங்களே, மதாம்! கண்ணாடிப் பெட்டி முன்னாடி ஒரு மணி நேரம் நின்னு பார்த்தேன். அவங்களால முடிஞ்சிருக்குன்னா வழி எங்கேயோ இருக்குன்னுதானே அர்த்தம்?”

யோலாந்த் கடிகாரத்தின் பின்மூடியை மறுபடி கழற்றத் தொடங்கினாள். கம்பி சுற்றுகிறவர் கையை விரித்தபோதும் அர்மான் இதையே சொன்னான். பேட்டரிக்காரர் போனில் சிரித்தபோதும் இதையே சொன்னான். அவன் மனைவி கொலெத் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறிப்போன சூப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “அந்த ஜப்பான்காரராவது சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போறாரா? விசாரிச்சுச் சொல்லுங்க.”

எட்டாவது மாதிரி நின்றது. பன்னிரண்டாவது ஓடியது, ஆனால் நாளுக்கு நாலு நிமிஷம் பிந்தியது. பிப்ரவரியில், பதினான்காவது மாதிரிக்கு, பின்மூடியைக் கெட்டியான வேறு உலோகத்தில் வார்த்து, அதில் கூடிய இம்மியளவைக் கண்ணாடியில் இழைத்துக் குறைத்தான்.

யோலாந்த் முஷ்டியை மடக்கினாள். முள் ஓடியது. இன்னும் இறுக்கினாள். ஓடியது. அர்மான் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அழுவதை யாரும் பார்க்கவேண்டாம் என்று நினைத்தான், எல்லோரும் பார்த்தார்கள்.

ஐந்து வாரம் அதைக் கட்டிக்கொண்டு அவள் மாவு பிசைந்தாள், வாசலில் பனி அள்ளினாள். “புருஷன்கிட்ட சண்டை போட்டும் பார்த்தாச்சு. நிக்கவே இல்லை” என்று திருப்பிக் கொடுத்தாள்.

ஏப்ரலில் பாசெலில் கூட்டம் நெருக்கியடித்தது. முதல் நாளே ஆர்டர்கள் வந்தன. ஒன்பது பேரின் வேலையும் நிலைத்தது என்று பெர்னூ போன் செய்து சொன்னார்.

மூன்றாம் நாள் ஒருவர் குனிந்து வணங்கி, இரண்டு கைகளாலும் தன் பெயர் அட்டையை நீட்டினார். ஹமாசாகி. போன வருஷம் அந்தக் கடிகாரத்தை வைத்திருந்த ஜப்பான் கம்பெனியின் வடிவமைப்புத் தலைவர். அர்மான் தன் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தான். வாங்கிக் கட்டிக்கொண்ட அவர், யாரும் சொல்லாமலே முஷ்டியை மடக்கினார். முள் ஓடுவதை வெகுநேரம் பார்த்தார்.

“எப்படிச் செஞ்சீங்க?” என்றார் திக்கித் திணறிய பிரெஞ்சில்.

“என்னங்க, என்கிட்டப் போய்க் கேக்கறீங்க! போன வருஷம் உங்களோடதைப் பார்த்துத்தானே நாங்க ஆரம்பிச்சோம்?”

ஹமாசாகி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“கண்காட்சிப் பெட்டியில எந்தக் கடிகாரம் ஓடுது, முசியே? எல்லாரும் முள்ளைப் பத்து மணி பத்து நிமிஷத்துல நிறுத்தித்தானே வைக்கிறோம்? நீங்க பார்த்தது விளம்பரத்துக்காக வச்ச வெறும் கூடு, உள்ளே ஒண்ணுமே கிடையாது. ரெண்டு மில்லிமீட்டர்ல ஓடுற கடிகாரம் செய்யவே முடியாதுன்னு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தவனே நான்தான்.”