இரண்டாவது விசில்

விசிலில் வெறும் காற்றுதான் வந்தது.

உஸ்.

ஏழரை மணி பஸ். படி வரைக்கும் ஆள். பின்படியில் நின்ற கண்டக்டர் ஆவுடையப்பன் உதட்டைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதினான். இடது கடைவாய் வழியாகக் காற்று கழன்று போனது.

உஸ்.

"கண்டக்டர் என்ன, சைக்கிளுக்கா காத்தடிக்காரு?"

பஸ்ஸே சிரித்தது. அவனுக்கும் சிரிப்பு வந்தது. பாதி முகத்தில்தான் வந்தது.

மூன்று மாதத்துக்கு முன்னால் தடுப்பூசி போட்டான். ஊரே போட்டது, ஒரு நாள் கைவலியோடு மறந்தும் போனது. பத்தாம் நாள் காலையில் இவன் கொப்பளித்த தண்ணீர் மட்டும் இடப்பக்கமாக ஒழுகிச் சட்டையை நனைத்தது. இடது கண் மூட மறுத்தது. முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது, ஊசிக்குப் பிறகு எங்கோ ஒருவருக்கு இப்படி வருவதுண்டு, மெல்லச் சரியாகும் என்றார் டாக்டர்.

குதிரைக்கொம்பு என்பார்களே, அது இவனைத் தேடி வந்து முளைத்தது.

டெப்போவில் ஆபீஸ் வேலை தருகிறோம் என்றார்கள். மின்விசிறி, நாற்காலி. மற்றவர்கள் தவம் கிடக்கிற வேலை. அவனுக்கு அழுகை வந்தது. பதினெட்டு வருஷமாக ஓடுகிற வண்டியில் நின்றே பழகிய கால்கள்.

இன்று ஒரு நாள் பார்க்கலாம் என்று அனுப்பியிருந்தார்கள். விசில் வந்தால் வண்டி. வராவிட்டால் நாற்காலி.

டிரைவர் பேச்சிமுத்து கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நினைத்தால் வண்டியை எடுத்துவிடலாம். ஏறும்போதே இவன்தான் சொல்லியிருந்தான்:

"விசில் கேக்காம எடுத்துராதீய அண்ணாச்சி."

"கையால தட்டுமய்யா, நேரமாவுது!" என்று முன்னாலிருந்து ஒருவர் கத்தினார். தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் போதும்.

அவன் தட்டவில்லை.

மூச்சை இழுத்தான். கண்களை இறுக மூடினான். இடது கண்ணும் சேர்ந்து மூடியது. அதை அவன் கவனிக்கவில்லை.

பீப்.

கிழிந்த சத்தம்தான். ஆனாலும் விசில்.

பஸ் நகரவில்லை.

"ஒண்ணுதானவே கேட்டுச்சு." பேச்சிமுத்து கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "ஒரு விசிலுன்னா நிக்கணும்லா. இன்னொண்ணு குடும்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

பீஈஈப்.

பஸ் நிலையமே திரும்பிப் பார்த்தது. வண்டி குலுங்கிக் கிளம்பியது. காற்றடிக்கிறாரா என்று கேட்டவர்தான் முதலில் கைதட்டினார்.

அடுத்த நிறுத்தத்தில் ஏற ஆள் இல்லை. இறங்க யாரும் எழவும் இல்லை.

கணீரென்று ஒரு விசில்.

வண்டி நின்றது. பேச்சிமுத்து திரும்பினார்.

"யாருவே எறங்கணும்?"

ஆவுடையப்பன் வெளியே பார்த்துக்கொண்டு, நிதானமாக, இரண்டு விசில் கொடுத்தான்.