இடது காது மெஷின்

"இந்த மாடலுக்குன்னே செஞ்ச ஒயர்தான் வேணும். எல்லாத்துக்கும் பொருந்தும்னு எதையாவது என் தலையில கட்டாதீங்க" என்றாள் அவள். கணவர் மத்தியானம் கண்ணயர்ந்த நேரத்தில் எடுத்து வந்த காது மெஷின்கள் இரண்டையும் மேஜையில் வைத்தாள்.

"எந்தப் பக்கம் வேலை செய்யலை?" என்றார் கடைக்காரர்.

"இடது. காதுக்குள்ள வைக்கிற ரப்பரைச் சின்னது, பெருசுன்னு மாத்திப் பார்த்தாச்சு. பேட்டரி அவரே போட்டுக்குவார். அப்பவும் நான் பேசுறது எதுவுமே கேட்கலையாம். இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்க்காம போகமாட்டேன்."

கடைக்காரர் இடது மெஷினைத் திறந்தார்.

"ஒயர் வேண்டாம்மா. பேட்டரி மேல ஒட்டியிருக்கிற தாளையே உரிக்கலை. அதை உரிச்சாத்தான் உயிர் வரும். அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

அவள் வலது மெஷினைத் திறந்து பார்த்தாள். அதில் தாள் சுத்தமாக உரிக்கப்பட்டிருந்தது.

"உரிச்சுத் தரட்டுமா?"

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

அன்று மாலை அவர் மெஷின்களை மாட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தார். இத்தனை நாளும் அவருக்கு இடப்பக்கம் கிடந்த தன் நாற்காலியைத் தூக்கி வந்து, வலப்பக்கம் போட்டு அமர்ந்தாள் அவள்.

"சரி, முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறேன்" என்றாள்.